பூட்டும் பதிவேடும்: விடுதி விதிகள் யாரைக் கட்டுகின்றன?

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்ட நிம்மதியில் பிள்ளையும் பெற்றோரும் வாசித்துப் பார்க்காமலே கையெழுத்திடும் தாள்களில் ஒன்று விடுதிச் சேர்க்கைப் படிவம். அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் விதிகள் நிறைந்திருக்கும். மாலை எத்தனை மணிக்குள் உள்ளே வர வேண்டும், ஊருக்குப் போக அவுட்பாஸ் எப்படி வாங்க வேண்டும், லோக்கல் கார்டியன் யார், ஸ்டடி ஹவர் எப்போது, மெஸ் பில்லை எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், அறையில் இண்டக்‌ஷன் அடுப்போ கெட்டிலோ பிடிபட்டால் அபராதம் எவ்வளவு என்றெல்லாம் விரிவாகச் சொல்லிவிட்டு, நிர்வாகத்தின் முடிவே இறுதியானது என்ற வரியோடு முடியும். வார்டன் இரவில் எங்கே இருப்பார், தண்ணீர் நின்றுபோனால் யார் பொறுப்பு, காஷன் டெபாசிட் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும், தண்டனை தவறென்று தோன்றினால் யாரிடம் முறையிடலாம் என்பவை அதில் அரிதாகவே இருக்கும். மாணவரின் கடமைகள் எழுத்தில் இருக்க, நிறுவனத்தின் கடமைகள் நல்லெண்ணத்துக்கு விடப்பட்டிருக்கின்றன. கடந்த முப்பது ஆண்டுகளில் நம் விடுதிகளைப் பற்றிய வழக்குகளையும் சட்டங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இதுதான்: மாணவரின் உயிரையும் மதிப்பையும் காக்கும் வலு நிறுவனத்தைக் கட்டிய விதிகளுக்கே இருந்திருக்கிறது, மாணவரை மட்டும் கட்டிய விதிகள் பெரும்பாலும் நிர்வாகத்தின் தூக்கத்தைத்தான் காத்திருக்கின்றன.

பெற்றோரின் இடத்தில் கல்லூரி நிற்கிறது என்ற கருத்து ஆங்கிலேய மரபிலிருந்து வந்தது. அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் 1913இல் கென்டக்கி நீதிமன்றம் தீர்த்த பெரியா கல்லூரி வழக்கு சான்று. வெளியில் உள்ள உணவகங்களில் மாணவர்கள் சாப்பிடக் கூடாது என்று கல்லூரி விதித்தது. எதிரே கடை நடத்தியவர் வழக்குப் போட்டார். பெற்றோர் செய்யக்கூடியதைக் கல்லூரியும் செய்யலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தக் கோட்பாடு உடைபடத் தொடங்கியது 1961இல். நிறவெறிக்கு எதிராக உணவகத்தில் அமர்ந்து போராடிய கறுப்பின மாணவர்களை அலபாமா அரசுக் கல்லூரி விசாரணையின்றி நீக்கியபோது, அறிவிப்பும் விளக்கம் சொல்ல வாய்ப்பும் தராமல் பொதுக் கல்லூரி யாரையும் வெளியேற்ற முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிட்டனில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் முதிர்வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது; அத்தோடு அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பெற்றோர் வேடத்தைச் சட்டப்படி தொடர்வது கடினமாயிற்று. இந்தியாவின் நிலைமை இன்னும் விசித்திரம். இங்கே 1875ஆம் ஆண்டின் சட்டமே பொதுவாக 18 வயதை முதிர்வயதாக வைத்துவிட்டது; 1989 முதல் 18 வயதில் வாக்குரிமையும் இருக்கிறது. ஒப்பந்தம் போடலாம், சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் இரவு எட்டரை மணிக்குத் தேநீர் குடிக்கப் போக அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்ற நிலையில் பல்லாயிரம் பேர் படிக்கிறார்கள்.

சட்டத்தின் கண்ணில் விடுதி மாணவர் வாடகைதாரர் அல்லர். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் சொல்லும் உரிமம் பெற்றவர் என்ற நிலைதான் அவருடையது. அறையில் இருக்க அனுமதி உண்டு. அறையின் மீது உரிமை இல்லை. இதில் குறை காண எதுவுமில்லை. படிப்பு முடிந்தவர் வாடகைச் சட்டத்தைக் காட்டி அறையை விட மறுத்தால் அடுத்த ஆண்டு வருபவருக்கு இடம் ஏது? கையெழுத்துப் போட்டாயிற்று, அதனால் எல்லா விதியும் செல்லும் என்று நிர்வாகங்கள் இதிலிருந்து ஒரு படி தாண்டுவதுதான் பிழை. பேரம் பேச வழியில்லாதவர் மீது அரசு நிறுவனம் சுமத்தும் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனை செல்லாது என்று 1986இல் பிரஜோநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஊழியர்களைப் பற்றிய வழக்கு என்றாலும், வேறு வழியில்லாமல் கையெழுத்திடும் பதினெட்டு வயதுக்காரரின் நிலை அந்த ஊழியரின் நிலையைவிட மேலானதல்ல. பொதுப் பல்கலைக்கழகம் என்றால் அரசமைப்பின் 14ஆம் பிரிவு சொல்லும் சமத்துவமும் அதன் விடுதி வாசல் வரை வரும்.

அந்த வாசலில்தான் பெரிய சண்டை நடந்திருக்கிறது. 2015இல் தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா பெண்கள் விடுதியில் இரவு தாமதமாக வர இருந்த அனுமதியை ரத்து செய்தபோது, ‘பிஞ்ஜ்ரா தோட்’ (கூண்டை உடை) என்ற இயக்கம் பிறந்து பல கல்லூரிகளுக்குப் பரவியது. ஆண்கள் விடுதிக்கு இல்லாத பூட்டு பெண்கள் விடுதிக்கு ஏன் என்பதே அதன் மையக் கேள்வி. பல்கலைக்கழக மானியக் குழுவின் பணிக்குழு 2013லேயே இதைத் தொட்டிருந்தது. பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான அதன் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் விடுதிகளுக்கு மட்டும் பாகுபாடான விதிகள் போடக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. நீதிமன்றங்களும் பேசின. 2019இல் கோழிக்கோடு அருகே ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை செல்பேசியைத் தடை செய்ததை எதிர்த்த மாணவி வெளியேற்றப்பட்டார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி அவரை மீண்டும் சேர்க்கக் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு, திருச்சூர் கேரளவர்மா கல்லூரி விடுதி மாணவிகள் முதல் காட்சி, இரண்டாம் காட்சிக்குப் போகக் கூடாது என்ற விதியும் அதே நீதிமன்றத்தில் அடிபட்டது. நிர்வாகத்தின் ஒழுக்க விருப்பத்தை மாணவியர் மீது ஏற்ற முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். ஆக, எழுத்தில் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. விதிப்புத்தகங்கள்தான் அதைப் படிக்கவில்லை.

பூட்டு உண்மையிலேயே காக்கிறதா என்ற கேள்வியை உணர்ச்சிவசப்படாமல் கேட்டுப் பார்க்க வேண்டும். 2017 செப்டம்பரில் வாராணசியின் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மாணவியர் வாசலில் அமர்ந்து போராடக் காரணமான தாக்குதல், வளாகத்துக்கு உள்ளேயே நடந்தது. காவலாளிகள் உதவவில்லை, இந்த நேரத்தில் வெளியே என்ன வேலை என்ற கேள்விதான் கிடைத்தது என்பது மாணவிகளின் குற்றச்சாட்டு. முடிவில் தடியடி. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 டிசம்பர் 23 அன்று ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமையும் வளாகத்துக்குள், இரவு எட்டு மணிக்கு முன்பின்னாக, வெளியிலிருந்து நுழைந்த ஒருவரால் நடந்தது. 2025 ஜூனில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவருக்கு 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதித்தது. இடையில் முதல் தகவல் அறிக்கை கசிந்து மாணவியின் அடையாளம் வெளியானது. உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இந்த இரண்டு நிகழ்விலும் விடுதிக் கதவு அரை மணி முன்னால் மூடியிருந்தால் என்ன மாறியிருக்கும்? விளக்கு, சுற்றுச்சுவர், நுழைவாயில் சோதனை, புகாரை மரியாதையோடு வாங்கும் ஆள் என்று வளாகத்தின் பக்கம் இருந்த வேலைகள்தான் கேள்விக்குரியவை. அவற்றுக்குச் செலவாகும். பூட்டு மலிவு.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் பெற்றோர் தரப்பு வாதத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பெண்ணை வேறு ஊருக்கு அனுப்ப ஒரு குடும்பம் சம்மதிப்பது, விடுதி கட்டுப்பாடானது என்ற நம்பிக்கையால்தான். பூட்டை எடுத்தால் அந்தப் பெண் வீட்டோடு நின்றுவிடுவாள் என்கிறார்கள். உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் 47 சதவீதத்தைத் தொட்ட தமிழ்நாட்டில் பெண்கள் ஆண்களுக்கு இணையாக நிற்கிறார்கள். அதில் விடுதிகளுக்குப் பங்கு இருக்கிறது. பயம் பொய்யானதும் அல்ல. பொருளியலாளர் கிரிஜா போர்கர் தில்லிப் பல்கலைக்கழக மாணவியரை ஆய்ந்து, போகும் வழியில் தொல்லை குறைவாக இருக்கும் என்பதற்காகவே தகுதிக்குக் குறைந்த கல்லூரியைப் பெண்கள் தேர்ந்தெடுப்பதைக் காட்டியிருக்கிறார். ஆனால் அந்த ஆய்வு காட்டுவது தெருவின் குற்றத்துக்கு மாணவி கட்டும் விலையை. விடுதிப் பூட்டும் அதே விலையை வேறு பெயரில் அவளிடமே வாங்குகிறது: நூலகம் ஒன்பது மணி வரை, அவளுக்கு மட்டும் ஆறரை வரை, ஆய்வகத்தில் இரவுச் சோதனை ஆண் சகாவின் பெயருக்குப் போய்விடுகிறது, மாலை நேரப் பயிற்சி வகுப்பு அவளுக்கு இல்லை. பெற்றோர் கேட்பது பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று யாருக்காவது தெரிய வேண்டும் என்பதை. அதைப் பதிவேடு தரும். சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழக மாணவியர் ஒன்றரை மாதத்துக்கு மேல் நடத்திய போராட்டத்துக்குப் பின், 2018 டிசம்பரில் பெண்கள் விடுதிகள் 24 மணி நேரமும் திறந்திருக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. இரவில் போக வரப் பதிவேட்டில் எழுதினால் போதும். அனுமதி கேட்பதற்கும் தகவல் தருவதற்கும் உள்ள தூரம் சிறியதல்ல.

இதைவிட வலுவான மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. நிர்வாகம் கையை எடுத்துக்கொண்ட விடுதி சுதந்திரமான விடுதியாக இருக்கும் என்று யார் சொன்னது? அங்கே சீனியர் ஆட்சி நடக்கும். தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு, சீனியர் ஒருவரால் விடுதி அறையில் கொல்லப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகனுக்கே அந்தக் கதி. நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாடு 1997இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்ததன் பின்னணி இதுவே. அந்த வழக்கின் இறுதித் தீர்ப்பு உச்ச நீதிமன்றத்திலிருந்து வர 2011 ஆயிற்று. மாணவர்களை அவர்கள் போக்கில் விடுங்கள் என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்த நிகழ்வுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

என் பதில், ராகிங்குக்கு எதிராக வந்த விதிகளின் அமைப்பைக் கவனியுங்கள் என்பது. உச்ச நீதிமன்றம் அமைத்த ஆர்.கே. ராகவன் குழுவின் 2007 அறிக்கையும், இமாச்சல மருத்துவக் கல்லூரி ஒன்றில் மாணவர் இறந்த 2009ஆம் ஆண்டிலேயே வந்த மானியக் குழு ஒழுங்குமுறைகளும், தண்டனைகளோடு நிற்காமல் பெரும்பகுதி பொறுப்பை நிறுவனத்தின் மீது வைத்தன. விடுதிக்கு முழுநேர வார்டன் வேண்டும். அவர் விடுதியிலோ மிக அருகிலோ குடியிருக்க வேண்டும். எந்நேரமும் எட்டக்கூடியவராக இருக்க வேண்டும். இளைஞரோடு பேசத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். முதலாண்டு மாணவர்களை இயன்றவரை தனிக் கட்டடத்தில் தங்க வைக்க வேண்டும். தவறினால் கல்லூரியின் நிதியுதவியே நிறுத்தப்படலாம். இந்த விதிகள் கதவைப் பூட்டச் சொல்லவில்லை, ஒரு பெரியவரை அங்கே இருக்கச் சொல்கின்றன. 2023 ஆகஸ்டில் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழக விடுதியில் சேர்ந்த சில நாட்களிலேயே ஒரு முதலாண்டு மாணவர் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். ராகிங் குற்றச்சாட்டில் கைதானவர்களில் படிப்பு முடித்தும் விடுதியை விட்டுப் போகாத பழைய மாணவரும் இருந்தார். விதி பதினான்கு ஆண்டுகளாக இருந்தது. யார் எந்த அறையில் இருக்கிறார் என்று எண்ணிப் பார்க்க வேண்டிய பல்கலைக்கழகம் எண்ணவில்லை. நமது பெண்கள் விடுதிகளில் தினமும் இரண்டு முறை தலை எண்ணுகிறார்களே, அந்த ஊக்கத்தில் பாதி போதுமாயிருந்தது.

அப்படியானால் மாணவருக்குக் கடமையே இல்லையா? நிறைய உண்டு, அவற்றில் கறாராக இருப்பதில் எனக்குத் தயக்கமும் இல்லை. ஆனால் அவை அடுத்த அறைக்காரருக்குச் செலுத்தும் கடமைகள். தேர்வு நேரத்தில் சத்தம், பொதுக் கழிவறையின் நிலை, விருந்தாளியை நாள்கணக்கில் தங்க வைப்பது, போதைப்பொருள், மின்சாரத்தோடு விளையாடுவது ஆகியவற்றின் விளைவை அனுபவிப்பவர் சக மாணவர். பழைய மின்கம்பி ஓடும் கட்டடத்தில் நாற்பது அறைகளில் இண்டக்‌ஷன் அடுப்பு எரிந்தால் என்னாகும் என்பதை அபராதத்தைத் திட்டுபவரும் யோசிக்க வேண்டும். கூடவே அந்தக் கம்பியை மாற்ற வேண்டியவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பற்றியதில் இரண்டு பெண்கள் இறந்தனர். மகளிர், குழந்தைகள் விடுதிகளுக்கு உரிமம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2014லேயே சட்டம் வந்துவிட்டது. பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைக்காத மாணவியர் போய்த் தங்குவது இத்தகைய இடங்களில்தான். பிரிட்டனில் பல்கலைக்கழகம் நிர்வகிக்கும் குடியிருப்பு, 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி ஏற்கப்பட்ட நிர்வாகக் கோவைக்கு உட்பட்டால்தான் உள்ளாட்சியின் உரிம முறையிலிருந்து விலக்குப் பெறும். கெட்டிலுக்கு விதி எழுதுமுன் கட்டடத்துக்கு விதி எழுதும் வரிசை அது.

சக மாணவரின் பெயரால் வரும் எல்லா விதியும் நேர்மையானதும் அல்ல. சாப்பாட்டு விதிகளை எடுத்துக்கொள்வோம். 1920களில் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி போட்டது தமிழக அரசியலையே திருப்பிவிட்ட விவகாரம். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்து நின்றார்கள். சில பெற்றோரின் விருப்பத்தை மதிக்கிறோம் என்பதுதான் அன்று சொல்லப்பட்ட சமாதானம். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி உணவுக்கூடம் ஒன்றில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம் என்று சுவரொட்டி தொங்கியது. 2023இல் மும்பை ஐஐடியில் சைவர்களுக்கென ஒதுக்கிய மேசையில் அமர்ந்து அசைவம் சாப்பிட்டு எதிர்ப்புக் காட்டியதற்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். சைவருக்குத் தனிப் பாத்திரத்தில் சமைப்பது ஒருவரின் உணவுத் தேர்வைக் காக்கிறது. பக்கத்தில் இன்னொருவர் இருந்து சாப்பிடுவதே தீட்டு என்று மேசையைப் பிரிப்பது காப்பது எதை என்று சொல்லத் தேவையில்லை.

மெஸ்ஸைத் தொட்டதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நமது அரசுக் கல்லூரி விடுதிகளில் பலகாலம் நடந்துவரும் டிவைடிங் சிஸ்டம், மாதச் செலவைச் சாப்பிட்ட நாட்களுக்கு வகுத்துப் பங்கு போடுவது, மாணவர் கையில் பொறுப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கண்முன் உள்ள சான்று. மெஸ் செயலர் காய்கறி வாங்கப் போவார், கணக்கு பலகையில் தொங்கும், பில் ஏறினால் கேள்வி வரும். குளறுபடிகள் உண்டு, கமிஷன் கதைகளும் உண்டு. ஆனாலும் அரிசி மூட்டையை நம்பிக் கொடுக்கும் அதே மாணவரிடம் இரவு பத்து மணியை நம்பிக் கொடுக்க மாட்டோம் என்பது எனக்குப் புரிந்ததில்லை. மாணவரைக் கேட்காமல் விதியும் கட்டணமும் ஒன்றாக இறங்கினால் என்னாகும் என்பதை 2019இல் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் காட்டியது. ஒருவர் அறையின் மாத வாடகை 20 ரூபாயிலிருந்து 600 ஆகவும், புதிதாகச் சேவைக் கட்டணமும், கூடவே இரவு நேர வரம்பும் சாப்பாட்டுக் கூடத்தில் உடை ஒழுங்கும் ஒரே வரைவுக் கையேட்டில் வந்தன. வளாகம் வாரக்கணக்கில் நின்றுபோனது.

தண்டனைக்கு வருவோம், விதியின் உண்மை முகம் அங்கேதான் தெரியும். நகரத்தில் வீடுள்ள மாணவருக்கு விடுதியிலிருந்து நீக்கம் ஒரு தொல்லை. கிராமத்திலிருந்து உதவித்தொகையில் வந்தவருக்கு அது படிப்பின் முடிவு. 2015 டிசம்பரில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் ஐந்து தலித் ஆய்வு மாணவர்களை விடுதியிலிருந்தும் பொது இடங்களிலிருந்தும் விலக்கியது. அவர்கள் வளாகத்தின் திறந்தவெளியில் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். அவர்களில் ஒருவரான ரோஹித் வேமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். கல்வி நிலையத்திலிருந்து நீக்கவில்லை, அறையிலிருந்துதான் நீக்கினோம் என்ற வேறுபாடு ஏழை மாணவர் விஷயத்தில் காகிதத்தில் மட்டும் நிற்பது. அதனால் விடுதி நீக்கத்துக்கும் எழுத்துமூலக் குற்றச்சாட்டு, விளக்கம் கேட்டல், மேல்முறையீடு ஆகிய மூன்றும் கட்டாயமாக வேண்டும். மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர்ப்புக் குழுவையும், அதற்கு மேல் முறையிட ஓர் அலுவலரையும் கேட்கின்றன. அந்த அலுவலரின் பெயரும் எண்ணும் விடுதிப் படிவத்தில், கெட்டில் அபராதத்துக்குப் பக்கத்திலேயே அச்சாக வேண்டும்.

சமத்துவம் என்ற பெயரில் எல்லோரையும் பூட்டினால் சரியாகிவிடுமா என்ற கேள்வி எஞ்சுகிறது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவியர் இரவு 9.30 வரம்பை எதிர்த்துப் போன வழக்கில், மூளை முழு முதிர்ச்சி அடைவது 25 வயதில்தான் என்றும் விடுதிகள் சுற்றுலா விடுதிகள் அல்ல என்றும் அங்குள்ள சுகாதாரப் பல்கலைக்கழகம் வாதிட்டது. தொல்லை தருபவர்கள் வெளியே திரிய, பெண்களை ஏன் பூட்ட வேண்டும் என்று நீதிபதி கேட்டார். கடைசியில், 2022 டிசம்பரில் கேரள அரசு போட்ட உத்தரவு ஆண், பெண் இருபாலர் விடுதிக்கும் 9.30 என்றாக்கியது, இரண்டாம் ஆண்டு முதல் படிப்பவர்கள் அதற்குப் பிறகும் பதிவேட்டில் எழுதிவிட்டு வரலாம். முழு வெற்றி அல்ல இது. ஆனால் பாலினத்தை விட்டுவிட்டு ஆண்டை அளவுகோலாக எடுத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் பருவத்தில் விடுதிக்கு வருபவர்களில் 18 நிரம்பாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். சட்டப்படி அவர்கள் இன்னும் பெற்றோரின் பொறுப்பு. ராகிங் அபாயமும் அந்த மாதங்களில்தான் அதிகம். அவர்களுக்கு நேர வரம்பு வைக்கலாம், வீட்டுக்குத் தகவல் சொல்லலாம். அந்த வரம்பு எந்தத் தேதியில் தானாக விலகும் என்பதும், அதுவரை எந்த வார்டன் எந்த அறையில் இருப்பார் என்பதும் சேரும் நாளிலேயே எழுத்தில் தரப்பட வேண்டும்.